பற்றரி ட்ரில் வாங்கும்போது விடும் பிழைகள்

திரைச்சீலைக் கம்பி பூட்ட, சுவரில் தட்டு அடிக்க, கதவுப் பிணைச்சல் மாற்ற என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பற்றரி ட்ரில் வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். பழையவர்கள் காசைக் கரைத்துப் படித்த அதே பிழைகளைப் புதியவர்களும் விடுகிறார்கள். கண்ணாடி போடுங்கள், பிட்டை (ஓட்டை போடும் முனையை) இறுக்குங்கள் என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. எழுதாத பிழைகள் வேறு.

ஸ்டிக்கரில் உள்ள எண்ணை நம்புவது

காசை அதிகம் தின்கிற பிழை இதுதான். ஹாட்வெயார் கடை மேசையில் 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட், 48 வி.எஃப், 88 வி.எஃப் என்று வரிசையாக மெசின்கள் இருக்கும். புதியவர் 88ஐ எடுப்பார். எண்ணும் பெரிது, விலையும் குறைவு.

லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட். முழுச் சாஜில் 4.2. ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட், முழுச் சாஜில் 21. ஆகவே 18, 20, 21 மூன்றும் ஒரே ஐந்து செல். டிவோல்ட் (DeWalt) கொம்பனி தன் பற்றரியை அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் எழுதி விற்கிறது. 48 வி.எஃப், 88 வி.எஃப் என்பவை வோல்ட்டே அல்ல. உண்மையான 88 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 24 செல் வேண்டும். செல் மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும். அந்தப் பற்றரியோ கையில் எடுத்தால் அரைக் கிலோவும் இராது.

அதனால் எண்ணை விட்டுவிட்டுப் பற்றரியை நிறுத்துப் பாருங்கள். 18650 என்ற வழக்கமான செல் ஏறக்குறைய 46 கிராம். நல்லது என்றாலும் பெரும்பாலும் 3.5 அம்பியர் மணிக்கு மேல் கொள்ளாது. ஐந்து செல் பற்றரி கூட்டோடு 350 முதல் 400 கிராம் வரும், பத்துச் செல் பற்றரி 600ஐத் தாண்டும். இந்தச் செல்லில் 6 அம்பியர் மணிக்குப் பத்துச் செல் வேண்டும். ஆகவே 6 அம்பியர் மணி என்று எழுதிய பற்றரி 380 கிராம் நிறுத்தால் எழுதியது பொய். 21700 என்ற பெரிய செல்லும் உண்டு, ஆனால் அது ஒன்றே 70 கிராம் வரும். நிறை எப்படியும் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது, வோல்ட்டை அம்பியர் மணியால் பெருக்குங்கள். 18 வோல்ட், 2 அம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. ஸ்க்ரூ பூட்டுவதற்கு அது தாராளம். 360 வாட் இழுக்கிற, இரும்பு வெட்டும் கிரைண்டரை அதே பற்றரியில் போட்டால் ஆறு நிமிடம்தான். இரும்பு வெட்டுகிற வேலை அடிக்கடி இருந்தால் வயர் உள்ள கிரைண்டரே வாங்குங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை, மெசினைப் பார்த்து வாங்கிப் பற்றரியைப் பற்றிக் கேட்காமல் விடுவது. ட்ரில் ஒரு பிராண்ட், கிரைண்டர் இன்னொரு பிராண்ட், இரண்டு சாஜர். சில வருடத்தில் பற்றரி இறங்கிவிடும். மாற்றுப் பற்றரி கிடைக்காது. மோட்டர் புதிதாகவே இருக்க மெசின் மூலைக்குப் போகும். காசு கொடுக்க முன்பே கேளுங்கள்: “அண்ணன், இதுக்குத் தனியாப் பற்றரி எடுக்கலாமா? என்ன விலை?” பெரும்பாலும் அது வெறும் மெசின் விலைக்குக் கிட்ட வரும். “கேட்டுப் பாக்கோணும்” என்று பதில் வந்தால் அந்த மெசின் வேண்டாம்.

சுவர் எது என்று பாராமல் வாங்குவது

திரைச்சீலைக் கம்பி பூட்டுவது யன்னலுக்கு மேலே. அங்கே இருப்பது பெரும்பாலும் கொங்கிறீற் லிந்தல். கீழே சீமெந்துக் கல் சுவரில் சுகமாக இறங்கிய ட்ரில், லிந்தலில் 5 மில்லிமீற்றர் போய் நின்றுவிடும். அழுத்தி அழுத்திப் பிட் முனை சிவந்து மழுங்கும். மெசினில் சுத்தியல் படம் (அடித்தபடி துளைக்கும் முறை) இல்லாத ட்ரில் மரத்துக்கும் இரும்புக்கும் மட்டும்தான். சுத்தியல் படம் உள்ளது செங்கல்லுக்கும் சீமெந்துக் கல்லுக்கும் போதும். கொங்கிறீற்றுக்கு எஸ்.டி.எஸ். பிட் (அடியில் பள்ளம் வெட்டிய பிட்) ஏற்கிற, பலமாக அடித்துத் துளைக்கும் ரோட்டரி ஹாமர் வேண்டும். நாலு ஓட்டைக்காக அதை வாங்காமல் ஒரு நாள் இரவல் எடுப்பது புத்தி.

இம்பாக்ட் டிரைவரை, சுத்தியல் படம் உள்ள ஹாமர் ட்ரில் என்று நினைத்து வாங்குகிறவர்களும் உண்டு. அது திருகும் திசையில் அடிக்கிறது, சுவரை நோக்கி அல்ல. ஸ்க்ரூவுக்கு அருமையான மெசின், சுவருக்கு உதவாது.

வைரமான மரத்தில் நேரே ஸ்க்ரூ ஏற்றுவது

பனங்கைமரத்திலும் முதிரையிலும் ஸ்க்ரூத் தலை அறுந்துபோகும். 4 மில்லிமீற்றர் ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு, புரியில் சவர்க்காரம் தேய்த்து, மெதுவான கியரில் ஏற்றுங்கள். பிட் பூட்டும் இடத்துக்குப் பின்னால் எண் போட்டிருக்கும் கழுத்து வளையத்தை ட்ரில் படத்தில் விடாமல் நடு எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். ஸ்க்ரூ முழுதாக இறங்காவிட்டால் ஒவ்வொரு எண்ணாகக் கூட்டலாம்.

நூறு துண்டு பிட் பெட்டி

வேண்டாம். நல்ல பிட் ஆறு போதும்.

பிரஷ்லெஸ் என்ற சொல்லுக்கு மயங்குவது

கரி பிரஷ் இல்லாத மோட்டர் அது. நல்லதுதான், ஆனால் மாதம் இரண்டு ஸ்க்ரூ பூட்டுகிறவர் அந்தக் காசில் இரண்டாவது பற்றரி வாங்கட்டும்.

பற்றரியைத் தகரத்துக்குக் கீழே வைப்பது

மதிய வெயிலில் தகரக் கொட்டிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியும் செல்லைத் தின்றுவிடும். வீட்டுக்குள் நிழலான இடத்தில், நாலு விளக்கில் இரண்டு எரிகிற அளவு சாஜோடு வையுங்கள். முழுதாக இறங்கிய பற்றரியை மாரி முடியும் வரை அப்படியே போட்டால், தையில் எடுக்கும்போது சாஜர் அதை ஏற்காது. வேலை முடிந்து சூடாக இருக்கிற பற்றரியை உடனே சாஜரில் போடவும் வேண்டாம், ஆறட்டும். கல்லடி, திருக்கோவில் போன்ற கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று முனைகளில் பச்சை பிடிக்க வைக்கும். மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள், மண் தாளால் சுரண்ட வேண்டாம்.

அஸ்பெஸ்டஸ் சீற்றில் ட்ரில் போடுவது

போடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கிப் புற்றுநோய் தரும். தட்டு, விளக்கு, வயர் எதுவானாலும் சீற்றுக்குக் கீழே உள்ள மரத்தில் பூட்டுங்கள்.