பூக்க மறுத்த குளிர்காலக் கிளெமாட்டிஸ்

லண்டன் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் தெற்குச் சுவரில் ஒரு கிளெமாட்டிஸ் கொடி ஏற்கெனவே படர்ந்திருந்தது. சிரோசா இனத்தின் ‘ஃப்ரெக்கிள்ஸ்’ ரகம் என்றது அதில் தொங்கிய அடையாளச் சீட்டு. குளிர்காலம் முழுக்கப் பூக்க வேண்டிய கொடி. இலை செழித்தது, பூவைத்தான் காணோம்.

காரணம் கத்தரிக்கோல். வேலியைச் சீராக்க வரும் தோட்டக்காரர் ஒவ்வொரு செப்டம்பரிலும் இதற்கும் சேர்த்து மொட்டையடித்துவிடுவார். முந்தைய வளர்ச்சிப் பருவத்தில் நீண்ட தண்டில்தான் இது மொட்டுவிடும். இலையுதிர் காலத்தில் வெட்டினால், வரவிருக்கும் பூக்களும் குப்பைக்குப் போய்விடும். இதைத் தொட வேண்டாம் என்றேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. இப்போது பூ முடிந்ததும், மார்ச்சில், காய்ந்ததையும் சிக்கலானதையும் மட்டும் நானே நீக்குகிறேன்.

ஆகஸ்டில் சில இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். பதறித் தண்ணீரைக் கொட்டாதீர்கள். இது மத்தியதரைக் கடலோரச் செடி. கோடை வறட்சியில் ஓய்வெடுப்பது அதன் பிறவிக் குணம். உண்மையான பகை, குளிர்காலத்தில் வேரில் தேங்கும் ஈரம். எங்கள் களிமண்ணில், கூரைக் குழாய் நீரும் நேராகத் தூரில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயைத் திருப்பிவிட்டு, வேரைக் கிளறாமல் சுற்றிலும் மண்ணில் பொடிக்கல் கலந்தேன்.

அடுத்த டிசம்பரில் கொடி பூத்தது. பாலேட்டு நிறப் பூக்கள் மணிபோல் கவிழ்ந்து தொங்கும். கருஞ்சிவப்புப் புள்ளிகளெல்லாம் உள்பக்கத்தில். ஆகவே தலைக்கு மேலே படரும்படி கம்பி கட்டுங்கள். வெட்டும்போது கையுறை அவசியம்; சாறு பட்டால் தோல் அரிக்கும்.