மீட்ட நாய்க்கு வீடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவிலிருந்து மீட்ட நாயைத் தத்துக் கொடுப்பதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தில் வருபவை. ஹவுஸ் ஓனர் முகம் சுளிக்கிறார், ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, முதலில் போன் செய்தவரிடமே கொடுத்துவிடுகிறோம். சில வாரங்களில் நாய் திரும்பி வருகிறது, இல்லையென்றால் மொட்டை மாடியில் கட்டப்பட்டுக் கிடக்கிறது.

இதில் என்னை அதிகம் வருத்துவது, இனத்தைப் பற்றிச் சொல்லும் பொய். காது மடிந்திருந்தால் ‘லேப் கிராஸ்’ (லாப்ரடார் கலப்பு), முடி அடர்த்தியாக இருந்தால் ‘பொமரேனியன் கிராஸ்’, கால் நீளமாக இருந்தால் ‘சிப்பிப்பாறை கிராஸ்’ என்று போட்டோவுக்குக் கீழே எழுதிவிடுகிறார்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே அப்பா வேறு வேறாக இருக்கலாம். முகத்தைப் பார்த்து வம்சம் சொல்ல யாராலும் முடியாது. லேப் என்று நம்பி வாங்கியவர் வீட்டில் ஆறு மாதத்தில் ஒல்லியாக, சுறுசுறுப்பாக, சின்னச் சத்தத்துக்கும் குரைக்கும் நாட்டு நாய் நிற்கும். ஏமாந்த கோபத்தை அவர் நாயின் மேல்தான் காட்டுவார். “நாட்டு நாய், ஒரு வயது இருக்கும், குழந்தைகளிடம் சாது, பூனையைக் கண்டால் துரத்தும், இடிக்குப் பயப்படும்” என்று எழுதுங்கள். போன் குறைவாக வரும். வருகிறவர் இந்த நாயைத்தான் தேடி வருவார்.

குட்டியை மீட்ட மறுநாளே கொடுப்பதும் ஆபத்து. பார்வோ வைரஸ் தொற்றிய குட்டி சில நாள்வரை நன்றாகவே விளையாடும், பிறகுதான் வாந்தியும் ரத்தபேதியும் தொடங்கும். இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பாருங்கள். தாய் இருந்தால் எட்டு வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம். முதல் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போட்டு, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். போகும் வீட்டில் சமீபத்தில் பார்வோவில் ஒரு நாய் இறந்திருந்தால், ஊசி முடியாத குட்டியை அங்கே அனுப்பவே கூடாது. அந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும்.

வளர்ந்த நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்த பிறகே கொடுங்கள். “அப்புறம் செய்துக்கிறோம்” என்பது நல்ல எண்ணத்தோடு சொல்லி மறந்துபோகும் வாக்கு. பெட்டைக் குட்டி ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், சினைக்காலமோ சுமார் 63 நாள்தான்.

சரி, யாரிடம் கொடுப்பது? “நாய் பிடிக்குமா?” என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். இதற்கு முன் வளர்த்த நாய் என்னவாயிற்று என்று கேளுங்கள். பாதி விஷயம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வாடகை வீடென்றால் ஓனரிடம் நேரடியாகப் பேசுங்கள். அடுக்குமாடிச் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பலருக்கு அது தெரியாததால் முதல் நோட்டீஸிலேயே நாயைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். “தோட்டத்துக்குக் காவலுக்கு” என்று கேட்பவரிடம் நான் கொடுப்பதில்லை. அங்கே பெரும்பாலும் சங்கிலிதான்.

பஸ் ஸ்டாண்டில் கைமாற்றாமல் வீடுவரை நீங்களே கொண்டுபோய் விடுங்கள். கேட்டின் இடுக்கு, பால்கனிக் கம்பி, மாடிச் சுவரின் உயரம் எல்லாவற்றையும் பாருங்கள். புது வீட்டிலிருந்து நாய்கள் ஓடிப்போவது முதல் சில நாளில்தான். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும், வெளியே போகும்போது ஹார்னஸும் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) வேண்டும். தீபாவளி நெருங்கும் வாரத்தில் கொடுக்கவே வேண்டாம்.

நாய் முதல் இரண்டு மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கலாம், சரியாகச் சாப்பிடாமலும் இருக்கலாம். வீட்டு வழக்கம் பிடிபடச் சில வாரமும், முழுசாக ஒட்டிக்கொள்ள மாதக்கணக்கிலும் ஆகும். இதை முன்பே சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே கைவிடுகிறார்கள். “முடியாமல் போனால் எந்த நேரமும் எனக்குத்தான் போன் செய்ய வேண்டும், திட்ட மாட்டேன்” என்பதையும் அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். திருப்பித் தர வெட்கப்பட்டு வேறு ஏரியாவில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.