பல்கலைக்கழக வானாய்வகம்: தொலைநோக்கியோடு வானத்தையும் பராமரிக்கும் முறை

1901-இல் நவாப் ஜாபர் ஜங் ஹைதராபாத்தில் தொடங்கிய நிஜாமியா வானாய்வகம் 1919-இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. பின்னாளில் வானாய்வகம் இருந்த பேகம்பேட்டையைச் சுற்றி நகரம் பெருகி, மங்கலான விண்மீன்களை அங்கிருந்து ஆராய்வது கடினமாகிவிடவே, பல்கலைக்கழகம் 1960களின் இறுதியில் நகருக்கு வெளியே ஜபால்-ரங்காபூரில் 48 அங்குலத் தொலைநோக்கியை நிறுவியது. அப்படி இடம் மாறும் வசதி இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது. ஆகவே வானாய்வகப் பொறுப்பை ஏற்பவர், தம் வளாகத்து விளக்குக் கம்பங்களையும் தொலைநோக்கியின் உறுப்புகளாகவே கருதிக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வேலை வானத்தை அளப்பது. உள்ளங்கையில் அடங்கும் 'ஸ்கை குவாலிட்டி மீட்டர்' என்னும் கருவி, வானத்தின் ஒரு சதுர ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) பரப்பு எவ்வளவு ஒளிர்கிறது என்பதை மேக்னிட்யூட் என்னும் ஒளியளவு எண்ணாகக் காட்டும்; எண் கூடக்கூட வானம் இருண்டது. இயற்கையான இருள் உள்ள இடத்தில் அந்த எண் ஏறத்தாழ 22. பெருநகரத்தில் 17 அல்லது 18. எண் ஐந்து குறைந்தால் வானம் நூறு மடங்கு வெளிச்சமாகிவிட்டது என்று பொருள். அமாவாசையை ஒட்டிய நாள்களில், சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கியபின், சுவரும் விளக்கும் அருகில் இல்லாத ஒரே இடத்தில் நின்று, கருவியை நேர் உச்சியை நோக்கிப் பிடித்து, முதல் அளவைத் தள்ளிவிட்டு அடுத்த நான்கைந்தின் சராசரியை எழுதுங்கள். மேகம், ஈரப்பதம், பால்வீதி உச்சியில் இருந்ததா என்பவற்றையும் குறியுங்கள். இந்த நோட்டை மாதந்தோறும் விடாமல் எழுதிவந்தால், நிர்வாகத்திடம் பேசும்போது உங்கள் வாதத்தை அதுவே சுமக்கும்.

இரவுப் பணியில் ஒழுங்கு முக்கியம். தொலைநோக்கியின் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வருவதற்காகக் குவிமாடத்தைப் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்க வேண்டும். இல்லையெனில் குழாய்க்குள் எழும் வெப்பக் காற்று விண்மீனின் உருவத்தைக் கலக்கிவிடும். அந்தி வானத்தை வைத்து ஃபிளாட் படங்களை (கேமராப் படத்தின் வெளிச்ச ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய உதவும், சீரான ஒளியில் எடுக்கும் படங்கள்) எடுத்து முடிப்பதும், ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் ஆசைப்படாமல் மூடிவிடுவதும் விதியாக எழுதி ஒட்டப்பட வேண்டியவை. கண்ணாடியில் தூசி படிந்தால் துணியால் துடைக்கவே கூடாது. சற்றுத் தூசியோடு இருக்கும் கண்ணாடி, கீறல் விழுந்த கண்ணாடியைவிடப் பன்மடங்கு மேல்.

இனி விளக்குகள். மேல்நோக்கி நேராகப் போகும் ஒளியைவிட, அடிவானத்துக்குச் சற்று மேலாகச் சாய்ந்து செல்லும் ஒளியே காற்றில் நெடுந்தொலைவு பயணித்துச் சிதறுவதால் அதிகக் கேடு செய்கிறது. நீல ஒளி மிகுதியாகச் சிதறும். 450 நானோமீட்டர் ஒளி, 600 நானோமீட்டர் ஒளியைக் காட்டிலும் காற்று மூலக்கூறுகளால் மூன்று மடங்கு சிதறடிக்கப்படுகிறது. நீலம் மிகுந்த, பளீரென்ற வெள்ளை எல்.இ.டி. விளக்கு வானாய்வகத்துக்கு ஆகாமல் போவது இதனால்தான். பழைய தாழ்அழுத்தச் சோடியம் விளக்கின் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டி அடங்கியதால் அதை ஃபில்டர் கொண்டு விலக்க முடிந்தது, எல்.இ.டி.யின் ஒளியோ நிறமாலை முழுவதும் பரவியிருப்பதால் அப்படி விலக்க முடியாது. எனவே கோரிக்கையை மூன்றே வரிகளில் வையுங்கள்: விளக்கின் முகம் தரையைப் பார்க்கட்டும், நிறம் 3000 கெல்வினுக்கு மிகாமல் மஞ்சளாக இருக்கட்டும், ஆள் நடமாட்டம் ஓய்ந்தபின் டைமர் அதை அணைக்கவோ மங்கலாக்கவோ செய்யட்டும்.

எங்கள் வளாகத்தில் விடுதிக்கு எதிரே வாலிபால் மைதான விளக்கு ஒன்று, குவிமாடத்தின் தென்கிழக்குத் திசையை முழுவதுமாக விழுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதிப் பலனில்லை. ஒருநாள் மாலை வார்டனையும் எலக்ட்ரீஷியனையும் குவிமாடத்துக்கு அழைத்துச் சனிக் கோளின் வளையத்தைக் காட்டிவிட்டு, பிறகு அதே மேடையிலிருந்து அந்த விளக்கைப் பார்க்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "சார், இது கிரவுண்டுக்குப் போட்டதா, உங்களுக்குப் போட்டதா?" என்று கேட்டார். மறுநாள் ஏணி வைத்து இரண்டு போல்ட்டைத் தளர்த்தி முகத்தைக் கீழே திருப்பினார். மைதானமும் முன்பைவிட வெளிச்சமாயிற்று. செலவு ஏதும் இல்லை.

வளாகத்துக்கு வெளியே அணுகுமுறை வேறு. ஊராட்சித் தலைவரிடம் உயர்கோபுர மின்விளக்கு வேண்டாம் என்று சொல்லாதீர்கள்; வெளிச்சம் பாதுகாப்பு என்று மக்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. கண்ணைக் கூசச் செய்யாத, சாலையில் மட்டும் விழும் விளக்கைக் கேளுங்கள்; மின்கட்டணம் குறைவதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-இலேயே தேடுவிளக்குகளைத் தடுத்து விதி இயற்றி, 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரமாக அறிவிக்கப்பட்டது. லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, கிராமத்து இளைஞர்களுக்கே தொலைநோக்கி கொடுத்து, வரும் பயணிகளுக்கு வானத்தைக் காட்டப் பயிற்சி தந்தார்கள். இருளால் வருமானம் வரத் தொடங்கிய பின், அதைக் காக்கும்படி அவர்களிடம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

முயற்சி பலிக்கும்வரை, வெளிச்ச வானத்துக்கு ஏற்ற ஆய்வுகளைத் தேர்ந்தெடுங்கள்: பிரகாசமான மாறுவிண்மீன்களின் ஒளியளவு, இரட்டை விண்மீன்கள், சிறுகோள்கள் விண்மீன்களை மறைக்கும் கணத்தின் நேரப்பதிவு, ஹைட்ரஜனின் சிவப்பொளியை மட்டும் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் வழியே நெபுலாக்கள் எனப்படும் வாயு முகில்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குவிமாடம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். அப்போது லென்சுகளில் பூஞ்சை பிடிக்காமல் சிலிக்கா ஜெல்லை வாரந்தோறும் மாற்றிவிட்டு, மழை விட்ட இரவுகளில் மாணவர்கள் இருவரை அனுப்பி வளாகத்துக் கம்பம் ஒவ்வொன்றையும் எண்ணிட்டு, எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எது விடியும்வரை எரிகிறது என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஜனவரியில் வானம் தெளிவதற்குள் அந்த வரைபடம் பதிவாளரின் மேசையில் இருக்க வேண்டும்.