எல்.எல்.எம். படிக்க வெளிநாடு: கையிலிருக்கும் இடங்களில் எதை எடுப்பது?

இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்ததும் பலரும் முதலில் திறப்பது ரேங்க் பட்டியலைத்தான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் முதுகலைப் பட்டமான எல்.எல்.எம். பெரும்பாலும் ஒரே வருடப் படிப்பு. போய்ச் சேர்ந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தால், யோசித்து முடிப்பதற்குள் வருடம் ஓடிவிடும்.

படி 1: படித்து முடித்து எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள்?

அந்த நாட்டிலேயே வக்கீல் தொழில் செய்வதாக இருந்தால், முதலில் உரிம விதிகளைப் படியுங்கள். நியூயார்க்கில் வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வுக்கு எல்.எல்.எம். வழியாகத் தகுதி பெற குறைந்தது 24 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) வேண்டும். அதற்குள் தொழில் ஒழுக்கம், சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம் ஒவ்வொன்றிலும் 2 கிரெடிட், பார் தேர்வில் வரும் பாடங்களில் 6 கிரெடிட் கட்டாயம். பிடித்த பாடங்களாகவே எடுத்து நிரப்பினால் தேர்வு எழுத முடியாது.

இங்கிலாந்தில் கதை வேறு. 2021-இல் வந்த, சொலிசிட்டர் (அங்குள்ள ஒரு வகை வக்கீல்) ஆவதற்கான எஸ்.க்யூ.இ. தேர்வை எழுத எல்.எல்.எம். தேவையே இல்லை. லண்டனில் சொலிசிட்டர் ஆவது ஒன்றுதான் நோக்கம் என்றால் அந்தக் கட்டணம் வீண் செலவு என்பேன்.

படி 2: துறையை முடிவு செய்யுங்கள்

பொதுவான பெயரை விடத் துறைக்குள் இருக்கும் பெயர்தான் பிறகு உதவும். ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் மூலம் தகராறைத் தீர்ப்பது) என்றால் ஜெனீவாவின் மிட்ஸ் படிப்பு, ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம். வரிச் சட்டத்துக்கு அமெரிக்காவின் என்.ஒய்.யூ. (நியூயார்க் பல்கலைக்கழகம்), ஜார்ஜ்டவுன். விமான, விண்வெளிச் சட்டத்துக்கு நெதர்லாந்தின் லைடனும் கனடாவின் மெக்கில்லும்.

படி 3: பாடப் பட்டியலைத் துருவுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இணையதளத்தில் எண்பது விருப்பப் பாடங்கள் இருப்பதாகத் தெரியும். அடியிலேயே சின்ன எழுத்தில், "எல்லாப் பாடங்களும் ஒவ்வொரு ஆண்டும் நடத்தப்படுவதில்லை" என்று ஒரு வரி இருக்கும். ஆகவே நீங்கள் எடுக்க விரும்பும் நான்கைந்து பாடங்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் இவற்றைச் சரிபாருங்கள்: வரும் கல்வியாண்டில் உண்டா? நடத்துபவர் நிரந்தரப் பேராசிரியரா, அந்த ஆண்டு ஆய்வு விடுப்பில் போகிறாரா? எத்தனை பேருக்கு இடம்? கூட்டம் அதிகமானால் குலுக்கலா, முந்துபவருக்கா? இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் மோதுகின்றனவா?

இணையதளத்தில் பதில் இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். நாளைக்கு நீங்கள் மாணவராகப் போனால் எப்படி நடத்துவார்கள் என்பதும் அந்தப் பதிலிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

படி 4: மதிப்பிடும் முறை

ஆக்ஸ்போர்டில் எல்.எல்.எம்.முக்கு இணையான பி.சி.எல். படிப்பு பெரும்பாலும் எழுத்துத் தேர்வை நம்பி நடக்கிறது. வேறு சில இடங்களில் கட்டுரைகளும் ஆய்வேடும்தான் பிரதானம். பின்னால் பி.எச்டி. எண்ணம் இருந்தால் ஆய்வேடு இல்லாத படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வழிகாட்டிய பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் அங்கேதான் கிடைக்கும்.

படி 5: பணமும் விசாவும்

படிப்புக் கட்டணத்தோடு வாடகை, மருத்துவக் காப்பீடு, விசாக் கட்டணம், பார் தேர்வுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிய தொகையை ஒப்பிடுங்கள். கட்டணம் குறைவாக இருக்கும் ஊரில் வாடகை அந்த மிச்சத்தை விழுங்கிவிடலாம். உதவித்தொகைக்கு நிபந்தனை உண்டு: பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகையில் படித்தவர் முடித்ததும் குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். அமெரிக்காவில் மாணவர் விசாவில் படித்தவருக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி 12 மாதம். அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்குத் தரும் நீட்டிப்பு சட்டத்துக்குக் கிடையாது.

படி 6: இப்போது படிப்பவரிடம் கேளுங்கள்

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். வேலைவாய்ப்பு அலுவலகம் எல்.எல்.எம். மாணவர்களுக்கும் நேரம் ஒதுக்குகிறதா, விரும்பிய பாடங்களில் எத்தனை கிடைத்தன என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு இடங்கள் சமமாக நின்றால், ரேங்க் பட்டியலைப் பாருங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன், விசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்று விதியைப் படித்துவிடுங்கள். உதவித்தொகை முடிவு இன்னும் வரவில்லையென்றால், காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்டு எழுதலாம். கேட்டவர்களுக்குப் பல இடங்களில் தருகிறார்கள்.