14-ஆவது வளைவில் கொதித்த கார்: கூலன்ட் மாற்றினால் காற்றையும் வெளியேற்றுங்கள்

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். 14-ஆவதில் என் பழைய காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. இத்தனைக்கும் முந்தின நாள்தான் நானே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றியிருந்தேன். கூலன்ட் குறையவில்லை, உள்ளே காற்று அடைத்திருந்தது. மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பார்கள்.

வாட்டர் பம்ப் கூலன்ட்டை இன்ஜினுக்குள் சுற்றவிடும். பெரும்பாலான கார்களில் 80–90 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் திறந்து, சூட்டை ஆற்றும் ரேடியேட்டருக்கு அதை அனுப்பும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கூலன்ட் எளிதில் கொதிக்காது. ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சூட்டோடு மட்டும் மூடியைத் திறக்காதீர்கள், முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் நன்றாக ஆறியதும் பழையதை வாளியில் வடியுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது விஷம். டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது. வீட்டு ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிற உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். கலக்கும் கணக்கே வேண்டாம் என்று நான் ரெடி மிக்ஸ்தான் வாங்குகிறேன். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்குங்கள்.

நான் கோட்டை விட்டது இதற்கு அப்புறம்தான். நிரம்பியதும் மூடியைப் போட்டுவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். வண்டியின் மூக்கு மேடு பார்த்து நிற்கட்டும். ரேடியேட்டர் வாயில் இறுக்கமாக உட்காரும் புனல் ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு நான் காசு செலவழித்த ஒரே கருவி அதுதான். காரின் ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். சேலத்து வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று நான் அந்த நாபைத் தொட்டதே இல்லை! அதைத் திருப்பினால்தான் பல வண்டிகளில் ஹீட்டர் குழாயில் நிற்கும் காற்று வெளியே வரும்.

இப்போது ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விடுங்கள். புனலில் காற்று குமிழ் குமிழாக வரும். கையுறை போட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸை மெதுவாக அமுக்கிவிடுங்கள், ஃபேனில் கை படாமல். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்று, குமிழும் நின்று, ஹீட்டரில் நல்ல சூட்டுக் காற்று வந்தால் முடிந்தது. ஹீட்டர் குளிர்ந்த காற்றே வீசினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. காற்று முழுவதும் வெளியேறியதும் இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு மூடுங்கள். மறுநாள் காலை மட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை: "என் வண்டி ரேடியேட்டரில் மூடியே இல்லையே?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். அப்படியானால் பக்கத்து டேங்கின் மூடிதான் அழுத்த மூடி, அதில் ஊற்றுங்கள். மேல் ஹோஸ் அருகே காற்று விடும் திருகு இருந்தால், குமிழ் இல்லாமல் கூலன்ட் வழியும்வரை அதைத் திறந்து வையுங்கள். இன்னொருவருக்கு அரை மணி நேரமாகியும் குமிழ் நிற்கவில்லையாம். அது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) பழுதாக இருக்கலாம். மலை ஏறாமல் நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.