பழைய ரிலீஸ் நோட்ஸைத் தூக்கிப் போடலாமா?

தண்டையார்பேட்டையில் ஒரு கன்டெய்னர் லாரி ஆபீஸ். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரின் 9.4 பதிப்பு ஓடிக்கொண்டிருந்ததை நேராக 15-க்கு ஏற்றினோம். பில் போட்டது, ரிப்போர்ட் வந்தது, ஆனால் ராத்திரி பேக்கப் மட்டும் வரவே இல்லை. பழைய ஸ்கிரிப்ட், டேட்டாபேஸின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'பிஜி_எக்ஸ்லாக்' (pg_xlog) என்ற ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தது. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலேயே அதற்கு 'பிஜி_வால்' (pg_wal) என்று பெயர் மாற்றிவிட்டார்கள். (பெயரில் 'லாக்' இருக்கிறதே, வெறும் லாக் ஃபைல்தானே என்று ஆட்கள் அழித்துத் தொலைத்ததும் அதற்கு ஒரு காரணம்!) 15-இன் ரிலீஸ் நோட்ஸை, அதாவது அந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்புகளை, எத்தனை முறை புரட்டினாலும் இது கிடைக்காது, 10-இன் நோட்ஸில்தான் இருக்கிறது.

அதனால் பழைய நோட்ஸை அழிக்காதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். போஸ்ட்கிரஸ்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள்: ஒவ்வொரு பெரிய பதிப்பின் கையேட்டிலும் அந்தப் பதிப்பின் குறிப்புகள் மட்டும் இருக்கும், பழையவை அவர்கள் தளத்தில் தனியாக இருக்கும். பைதான் புரோகிராமிங் மொழி இன்னும் தாராளம், 2.0-இலிருந்து 'புதியது என்ன' பக்கங்கள் எல்லாம் இன்றைய ஆவணத்திலேயே கிடக்கின்றன.

உங்கள் சாஃப்ட்வேருக்குச் செய்யும்போது, சப்போர்ட் எப்போது முடிந்தது என்று பார்க்காதீர்கள், வாடிக்கையாளரிடம் ஓடுவதிலேயே ஆகப் பழைய பதிப்பு எது என்று விசாரியுங்கள். போஸ்ட்கிரஸ் ஒரு பெரிய பதிப்புக்கு 5 வருஷம்தான் சப்போர்ட் தருகிறது, ஆனால் லாரி ஆபீசுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அப்புறம், பெரிய பதிப்புக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் நீக்கியவை, பெயர் மாறியவை, டீஃபால்ட் (நாம் மாற்றாதவரை தானாக இருக்கும் அமைப்பு) மாறியவை ஆகிய மூன்றையும் போடுங்கள், ஏனென்றால் ஐந்தாறு பதிப்பு தாண்டி வருகிறவன் இதை மட்டும்தான் வரிசையாகப் படிப்பான். பக் ஃபிக்ஸ் எல்லாம் கீழே கிடக்கட்டும். லிங்க்கை மாற்றவே கூடாது. கூகுளிலிருந்து நேராகப் பழைய பக்கத்தில் வந்து விழுகிறவர்களுக்காக, 'இதற்கு இப்போது சப்போர்ட் இல்லை, புதியது இங்கே' என்று மேலே ஒரு வரி போதும். பழைய குறிப்பில் தப்பு இருந்தால் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள், தேதி போட்டுக் கீழே சேருங்கள்.

'கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில்தான் (Git) எல்லாம் இருக்கிறதே' என்பார்கள். ராத்திரி 11 மணிக்கு சர்வர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கிட்டைத் திறக்கப் போவதில்லை. மணலி யார்டு ஒன்றில் சர்வர் ரூமுக்குள் நெட்டே வராது, அங்கே போகும் இன்ஸ்டாலரில் எல்லா நோட்ஸையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாகப் போட்டு அனுப்புகிறேன்.