குழந்தைக்கு டிபி (காசநோய்)ன்னு சொல்லிட்டாங்களா, ஆறு மாச மருந்தை முழுசா குடுத்து முடிக்கிறது எப்படி

நாங்க பாலக்காடு ஜில்லால, தமிழ்நாட்டு பார்டர ஒட்டின கொழிஞ்சாம்பாறை பக்கம். பையனுக்கு நாலு வயசுல நெஞ்சுல டிபி வந்துச்சு, அவங்க அப்பாருக்கு இருந்த இருமல்ல இருந்து ஒட்டினது. ஒரு மாசமா வெறும் இருமல் டானிக் குடுத்தே ஓட்டிட்டோம், அது எங்க தப்பு. ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சலோ இருமலோ விடல, எடை ஏறல, வீட்ல யாருக்காச்சும் டிபின்னா அன்னைக்கே கூட்டிட்டு போயிருங்க.

சின்னதுகளுக்கு சளி துப்பத் தெரியாது, முழுங்கிரும். அதனால காலைல வெறும் வயித்துல மூக்கு வழியா டியூப் விட்டு, முழுங்கின சளி இருக்கற தண்ணிய வயித்துல இருந்து டெஸ்டுக்கு எடுப்பாங்க, பாக்க நமக்குத்தான் உசுரு போகும், ரெண்டு நிமிஷ வேலை. குழந்தைகளுக்கு கிருமி கம்மியா இருக்கும், அதனால டெஸ்ட்ல நெகட்டிவ் வந்தாலும் எக்ஸ்ரே, எடை, வீட்டு ஆளுகளோட நோய் எல்லாம் பாத்து டாக்டர் மருந்து ஆரம்பிக்கலாம், "நெகட்டிவ் தானே"ன்னு சண்டை போடாதீங்க.

மருந்து கவர்மென்ட்ல ஃப்ரீ. முதல் 2 மாசம் நாலு மருந்து, அடுத்த 4 மாசம் மூணு. குழந்தைக்கு வர்ற மாத்திரை தண்ணில கரையும், நான் சின்ன டம்ளர்ல போட்டு கலக்கி உடனே குடுத்துருவேன், அடில தங்கறதுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தி "இதையும் குடிச்சிரு சாமி"ன்னு கெஞ்சுவேன். அந்த அடில நிக்கறதும் மருந்துதான். எத்தனை மாத்திரைங்கறது எடைய வெச்சு, இவன் 11 கிலோ இருந்தப்ப 2, 12 தாண்டினதும் 3 ஆச்சு, அதனால மாசாமாசம் எடை போடச் சொல்லுங்க, பழைய கணக்குலயே குடுத்துட்டு இருக்காதீங்க. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க. ஆனா விடாம வாந்தி, கண்ணு மஞ்சளா இருக்கறது, பார்வை மங்கறது இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

மூணாவது வாரம் பசி வரும், ஓடி விளையாடும், அப்பத்தான் ஆபத்தே. வீட்ல பெரியவங்க "நல்லாத்தானே இருக்கான், சூட்டு மருந்து எதுக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க. நிறுத்தக்கூடாது, நடுவுல விட்டா மருந்துக்கு அடங்காத டிபியா திரும்பி வரலாம்.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் பார்டர். லீவுக்கு தமிழ்நாட்டுப் பக்கம் கிணத்துக்கடவுல அம்முச்சி வீட்டுக்கு போறப்ப மருந்து தீந்துருச்சுன்னா? நிக்ஷய் நம்பர், அதாவது டிபி நோயாளிகளுக்கு கவர்மென்ட் குடுக்கற பதிவு நம்பர், இந்தியா பூரா ஒண்ணுதான், போறதுக்கு முன்னாடியே ஊர் சுகாதாரப் பணி பாக்கற ஆஷா சேச்சிகிட்ட சொல்லுங்க, கையில குடுத்து விடுவாங்க இல்லன்னா அங்க மாத்தி விடுவாங்க. சத்தான சாப்பாட்டுக்குன்னு மாசம் 1000 ரூபா பேங்க்ல வரும், 2024 நவம்பருக்கு முன்னாடி 500 தான் இருந்துச்சு, முட்டைக்கும் கடலைக்கும் ஆகும், வரலன்னா விடாம கேளுங்க.

வீட்ல இருக்கற மத்த பொடுசுகளையும் காட்டிருங்க, நோய் இல்லாட்டியும் தடுப்பு மருந்து குடுப்பாங்க. பிறந்தப்ப போட்ட பிசிஜி தடுப்பூசி, டிபி மூளைக்காய்ச்சல் மாதிரி பெருசா வர்றதைத்தான் நல்லா தடுக்கும், நுரையீரலுக்கு அதை நம்பி இருக்க முடியாது.

முழு கோர்ஸ் முடிச்ச குழந்தைகள்ல பெரும்பாலும் நல்லாயிரும். கடைசி எக்ஸ்ரேல கொஞ்சம் நிழல் நின்னாலும் பதறாதீங்க, நெஞ்சுக்குள்ள வீங்கின நெறிகட்டி சுருங்க மாசக்கணக்காகும். எங்களுக்கும் நின்னுச்சு, டாக்டர் படத்தை ஓரமா வெச்சுட்டு பையனை எடை மெஷின்ல ஏத்தினார், 14 கிலோ.